அலுமினியச் சோறு

1927ஆம் வருஷம், ஈஸ்டர் கழிந்த வாரத்தில், சாந்தோம் பள்ளிக்கூட வாத்தியார் ராஜநாயகம் தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் நடக்க ஆரம்பித்தார். அதே வாரம் மயிலாப்பூரில் கத்தரிக்காய் விலையும் ஏறியிருந்தது. ஊர் முதலில் கத்தரிக்காயைப் பற்றித்தான் பேசிற்று. வாத்தியாருக்கே தன் விஷயம் தெரியாது. கண்டுபிடித்தவள் மீன்காரி தேசம்மா. கட்டுமரத்தில் போன புருஷன் லாசருக்காகக் கடற்கரையில் காத்திருந்தபோது வாத்தியார் அவளைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்த்தால் மணலில் காலடித் தடமே இல்லை. மரம் கரை சேர்ந்ததும் மீன்கூடையும் கையுமாக நேரே அவர் வீட்டு வாசலுக்கு வந்து, "வாத்யாரம்மா, உன் வூட்டுக்காரரு கால் தரைல படாம போய்க்கினு கீறாரு. இன்னான்னு கேளு," என்றாள். வாத்தியார் மனைவி ஃப்ளோரன்ஸ் வஞ்சிர மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடியே, "புதுச் செருப்பு, அதான்," என்று சமாளித்தாள். தேசம்மா போனதும் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அவளுக்கும் நாலு நாளாகவே சந்தேகம்தான்.

ஃப்ளோரன்ஸ் சிந்தாதிரிப்பேட்டைப் பெண். அவள் அப்பா லூயிஸ் அலுமினியப் பாத்திரப் பட்டறையில் மேஸ்திரி. அந்த நாளில் அலுமினியம் என்றால் புதுமோஸ்தர். மனுஷன் சோற்றுப் பானை முதல் கரண்டி வரை அத்தனையையும் அலுமினியத்திலேயே அடித்து மகளுக்குச் சீராகக் கொடுத்தார். "தூக்கித் தூக்கி எம் பொண்ணு கை நோவக் கூடாது," என்று கல்யாணப் பந்தலில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். மாப்பிள்ளை வீட்டார், இதென்ன காகிதத்தில் செய்த பானையா என்று முகத்தைச் சுளித்தார்கள். ராஜநாயகம் மட்டும் சுளிக்கவில்லை. மாமனார் பானையில் வெந்த சோற்றை வேளை தவறாமல், ஒரு குறையும் சொல்லாமல், வருஷக்கணக்காகச் சாப்பிட்டார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு புருஷன் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா என்ன!

வைகாசிக்குள் அவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டார்; வாசலில் நின்றால் தலை ஓட்டைத் தாண்டிற்று. டிராமில் கம்பியைப் பிடித்துத் தொங்கினால், கால் படாவிட்டாலும் டிக்கெட் உண்டு என்று கண்டக்டர் கறாராகச் சொன்னான். வாத்தியாரும் வாங்கினார். பங்குச் சாமியார், இதைவிடப் பெரிய அதிசயங்களைத் திருச்சபை பார்த்திருக்கிறது என்று சொல்லி, பூசை நேரத்தில் மட்டும் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குத்தான் நல்ல லாபம்: கரும்பலகையின் மேல்பாதியில் அதுவரை யாரும் எழுதியதே இல்லை. ஊரில் எல்லாரும் பழகிவிட்டார்கள், ஃப்ளோரன்ஸைத் தவிர. அவள் காற்றை நினைத்துப் பயந்தாள். ஆடி பிறந்தால் காற்று மேற்கிலிருந்து கிளம்பும், கிழக்கே சமுத்திரம். அதற்குள் இறக்காவிட்டால் புருஷன் வங்காள விரிகுடாவோடு சரி. தேவமாதா சுரூபத்தின் முன்னால் நின்று அவள் வேண்டிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

வழி தேசம்மாவின் சட்டியில் வந்தது. ஒருநாள் அவள் மண்சட்டியோடு சுறாக் குழம்பைக் கொண்டுவந்து கொடுக்க, வாத்தியார் அதை ஊற்றிச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு இரண்டு விரற்கடை இறங்கினார். ஃப்ளோரன்ஸ் வெறுஞ்சட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். அலுமினியக் கிண்ணத்தையும் தூக்கிப் பார்த்தாள். பாத்திரத்தின் கனம்தான் சாப்பிடுகிறவர் உடம்பில் சேர்கிறது என்று அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மறுநாளே மண்பானை வாங்கினாள். வாத்தியார் இறங்கினார், ஆனால் மண்பானைத் தண்ணீர் போல உடம்பு ஜில்லென்று ஆகி, எந்நேரமும் கசிந்துகொண்டிருந்தார். சட்டை காயவே இல்லை. சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் இரும்புச் சட்டி வாங்கிவந்தாள். அதில் சமைத்ததும் தரைக்கு வந்தவர், தரையோடு நிற்காமல் பள்ளிக்கூட நாற்காலியை உடைத்தார்; எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுந்தார். வெண்கலப் பானை வாங்கிப் பார்த்தாள். கனம் சரியாக இருந்தது, குரல்தான் கணீரென்று ஆகிவிட்டது. அவர் சொல்லிக்கொடுத்த பதினாறாம் வாய்ப்பாடு லஸ் முனையைத் தாண்டி, அப்போதுதான் வீடு கட்டிக்கொண்டிருந்த தியாகராய நகர் வரை கேட்டது. கோயில் மணி எது, வாத்தியார் எது என்று தெரியாமல் ஜனங்கள் நேரங்கெட்ட நேரத்தில் பூசைக்கு வந்து நின்றார்கள். ஆனாலும் வாங்கிய எதையும் அவள் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை வரும் என்று துலக்கி அடுக்கி வைத்தாள். சுவர் முழுக்கப் பாத்திரமாகிவிட்டது.

கடைசியில் மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் கல்சட்டி வாங்கினாள். "அவசரப்பட்டு அடுப்புல வெச்சுடாதேம்மா, விரிசல் விட்டுடும். பழக்கணும்," என்றாள் விற்றவள். ஃப்ளோரன்ஸ் மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி, கஞ்சி ஊற்றி ஊற்றி, பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து அதைப் பழக்கினாள். ஆடி பிறக்கவும் சட்டி பழகவும் சரியாக இருந்தது. கல்சட்டிக் குழம்பு சாப்பிட்டு வாத்தியார் இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றார். காற்று வந்தது, தென்னமட்டைகளையும் யாருடைய வேட்டியையோ கடலுக்குக் கொண்டுபோயிற்று, வாத்தியாரைத் தொடவில்லை. ஒரே ஒரு மாற்றம். கல்சட்டி சூட்டை விடாதல்லவா, அதேபோல அவரும் மத்தியானம் கேட்ட தமாஷுக்கு விளக்கு வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு சிரிப்பும் நின்றது. ஆவணி முழுக்க மனுஷன் வாடிப்போய் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஃப்ளோரன்ஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னதான் குறை என்று கேட்டாள்.

"ஓட்டுக்கு மேல தலை போனப்போ கடல் தெரிஞ்சுது ஃப்ளோரி. கட்டுமரமெல்லாம் புள்ளி புள்ளியா. பொய் சொல்வானேன், எனக்கு அது பிடிச்சிருந்தது."

"பிடிச்சிருந்ததா? நான் இங்க உசிரைக் கையில பிடிச்சிட்டு நிக்கிறேன், உங்களுக்குப் பிடிச்சிருந்ததா? காத்து தூக்கிட்டுப் போயிருந்தா நான் யார் முகத்தைப் பாக்குறது?"

"நீயும் வாயேன்."

"நல்லா இருக்கே! என் கால்தான் ஒருநாளும் கிளம்பலியே."

ராஜநாயகம் நிமிர்ந்து பார்த்தார். ஒரே பானை, ஒரே சோறு. இவள் மட்டும் ஏன் கிளம்பவில்லை? இந்தக் கேள்வி ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை எழுதுகிறவனுக்கும் இந்த இடம் வரும்வரை தோன்றவில்லை. "நீ எதுல சாப்பிடறே?" என்று கேட்டார். அவள் முகவாயால் அடுப்படி மூலையைக் காட்டினாள். அங்கே விளிம்பு உடைந்த ஒரு மண்கலயம் இருந்தது. புருஷன் சாப்பிட்டு மிஞ்சிய சோற்றை அதில் கொட்டி, தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் சாப்பிடுவாள். அவள் அம்மாவும் அப்படித்தான். சுடுசோறு அவருக்கு, பழையது தனக்கு. அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. ராஜநாயகத்துக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் கண்ணை எங்கே வைத்திருந்தோம் என்று வெட்கமாகிவிட்டது. கல்சட்டி உடம்பில்லையா, அந்த வெட்கம் புரட்டாசி வரை ஆறவில்லை.

ஆறிய பிறகு, காற்று அடங்கிய ஒரு சனிக்கிழமை, அவரே மாமனார் கொடுத்த அலுமினியப் பானையை இறக்கி அடுப்பில் ஏற்றிச் சோறு வடித்தார். குழைந்துதான் போயிற்று. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆவி பறக்கப் பரிமாறினார். ஃப்ளோரன்ஸ் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, சூடு தாங்காமலா வேறெதற்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுமுதல் இருவரும் ஒன்றாகவே சாப்பிட்டார்கள். கல்சட்டியை அவர்கள் தொடவில்லை. தை பிறப்பதற்குள் அவள் காலும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. அப்புறம், கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியை அம்மியிலும் மறு நுனியை இடுப்புகளிலும் கட்டிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் ஓட்டுக்கு மேலே போய்க் கடல் பார்த்தார்கள். வெயில் தாழ்ந்ததும் கயிற்றைப் பிடித்து இறங்கி வந்தார்கள். ஆடியில் மட்டும் கல்சட்டிக் குழம்பு.

பல வருஷம் இது நடந்தது. டிராமில் வந்தவர்கள் கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒரு சனிக்கிழமை கடல் கொந்தளித்து, கட்டுமரங்கள் திரும்பும் நேரம் தாண்டிவிட்டது. தேசம்மா வெறுங்கூடையோடு ஓடிவந்து, கழுத்தை அண்ணாந்து, "வாத்யாரம்மா! எங்க மரம் கண்ணுல படுதா?" என்று கத்தினாள். ஃப்ளோரன்ஸ் இடுப்புக் கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்தி மேலே போய், கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"படுது தேசம்மா, லாசர்தான். கரைக்குத் திரும்பிடுச்சு. நீ போய் உலையை வை."

தேசம்மா சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.