தங்கமீனிடம் சொன்னவை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சாயம் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் கண்ணாடித் தொட்டியில் கிடந்த தங்கமீனுக்கு, ஆபரேட்டர் தானியேலின் கல்யாணத் தேதி தெரிந்திருந்தது. மாதக் காலண்டரைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துத் தாள் தாளாகப் புரட்டினால், மே மாதம் வந்ததும் பதினாறின்மேல் வாயை வைக்கும். ஷிப்டில் இருந்த எல்லோரும் ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்தார்கள். பிறகு அலுத்துப்போய் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்தத் தொட்டி அழகுக்கு வைத்ததல்ல. கழிவுநீரைச் சுத்தம் செய்து வெளியே விடுமுன் அதன் வழியாக ஓடவிடுவார்கள்; உள்ளே மீன் நீந்திக்கொண்டிருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் எழுதிக்கொண்டு போவார்கள். எந்த மீனும் ஒரு மாதம் தாண்டாது. ஆய்வுக்கு முந்தின நாள் செத்ததை எடுத்துவிட்டு, அதே நிறத்தில், அதே அளவில் இன்னொன்றை வாங்கி விடுவதும் தானியேலின் வேலைதான். இந்த ஒன்று மட்டும் பதினோரு மாதமாகியும் சாகவில்லை.

எட்டு மணி நேரம் பம்பு இரைச்சலுக்கு நடுவே தனியாகக் கிடப்பவர் யாரிடமாவது பேசித்தானே ஆக வேண்டும். தங்கமீனுக்கு மூளை கடுகளவு, எதைச் சொன்னாலும் மூன்று நொடியில் மறந்துவிடும் என்று சேஃப்டி ஆபீசர் பரத் ஒருமுறை சொல்லியிருந்தார். இதைவிட நம்பிக்கையான ஆள் கிடைக்காது என்று தானியேல் மனதில் இருந்ததையெல்லாம் தொட்டியிடம் கொட்டினார். சொன்னது ஒவ்வொன்றும் அவரை விட்டு மீனுக்குள் போனது. முதலில் லாக்கர் நம்பர், அப்புறம் ஆரம்பாக்கம் வீட்டுக்குத் திரும்பும் ரயிலின் நேரம், செத்துப்போன தம்பியின் முகம், கல்யாணம் நடந்த நாள். ஈஸ்டருக்குள் மீனின் தலை எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. பரத் செல்போனில் தேடிப் படித்துவிட்டு வந்து, "மூணு நொடின்றதெல்லாம் சும்மாண்ணே. மாசக்கணக்குல ஞாபகம் வெச்சுக்குமாம்," என்று வருத்தப்பட்டார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் தாமதமாகப் படித்துவிட்டார்.

தானியேலின் மனைவி ஹெலன் அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. மீனையாவது கொடுத்துவிடுங்கள் என்று மேனேஜரிடம் போய் அழுதாள். பதினோரு மாதம் உயிரோடிருக்கும் மீனை எந்தக் கம்பெனி விட்டுக்கொடுக்கும்? "அதாம்மா எங்க லைசென்ஸே," என்றார் அவர். அன்று வீட்டில் கணவரைக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள்: "எல்லாத்தியும் சொல்லித் தொலைச்சுட்டியேய்யா. என் பேரை மட்டுமாவது அதுகிட்ட சொல்லாத. இன்னா, கேக்குதா?" தானியேல் தலையாட்டினார். ஆனால் அந்தப் பெயரும் போய்விடுமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. மறக்காமல் இருப்பதற்காக, மறுநாள் ஷிப்டு முழுக்கத் தொட்டியருகே நின்றபடி "ஹெலன், ஹெலன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். மீன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

தானியேல் பக்கத்தில் நின்றால்தான் மீன் தீனி எடுக்கும் என்பதால் அவருடைய வேலை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வரும் ஹெலனுக்கு கேட்டில் பாஸ் கொடுத்தார்கள். முதல் ஞாயிறு அவள் வந்து நின்றதும் மீன் அடியிலிருந்து மேலே ஏறி வந்து, அவள் முகத்துக்கு நேராக நின்றது. அவள் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. தானியேலுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"யாரும்மா நீங்க? இது யாராண்டயும் இப்டி வராதே," என்றார்.

ஹெலன் தொட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தாள். "எங்க வூட்டுக்காரரப் பாக்க வந்தேன்," என்றாள்.

அவர் அதை அப்படியே நம்பினார். தன் ஸ்டூலை எடுத்துவந்து துண்டால் துடைத்துப் போட்டார். "ஒக்காந்து பாருங்கம்மா," என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று பம்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.