பேச்சியம்மா தரையில நிக்காத நாளுக

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? சளி, மூட்டு வலியெல்லாம் கொறஞ்சிருக்கா? சரி, கேளுங்க. அறுபத்திமூணு ஆனி மாசம் ரஷ்யாக்காரி ஒருத்தி ராக்கெட்டுல ஆகாயத்துக்குப் போன அந்தக் கெழமை, இலங்கையில கண்டிப் பக்கம் பன்வில தோட்டத்துல தேயிலைக் கொழுந்து பறிச்சிக்கிட்டிருந்த பேச்சியம்மாவும் கூடையோட ஒரு ஆளு ஒசரத்துக்கு மேல போயிட்டா. போனதுக்கு யாரும் வாயப் பொளக்கல்ல. அன்னிக்கு அவளுக்குப் பேரு விழுமா, அதாவது வேலைக்கி வந்ததா எழுதுவாங்களான்னுதான் சண்டை. "மண்ணுல நிக்காதவளுக்கு எப்பிடிப் பேரு போடுறது?"ன்னாரு கங்காணி. "கொழுந்தக் கிள்ளுறது கையா, காலாய்யா?"ன்னு கேட்டா அவ அம்மா பாப்பம்மா. அரைநாள் கூலிக்கி அரைப்பேரு போட்டாங்க. ரஷ்யாக்காரி எறங்குன அன்னிக்கு இவளும் எறங்குனா.

பெறகு பத்தொம்பது வருசம் எந்தப் பொம்பளையையும் எவனும் மேல அனுப்பல்ல. பேச்சியம்மாவும் தரையிலயே கெடந்தா, கணபதியக் கட்டுனா. தோட்டத்து ஆளுகள இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருந்திச்சி, அவன் போறதா விண்ணப்பப் பாரத்துல கைநாட்டு வச்சிட்டான். புருசன் வச்சா பொண்டாட்டியும் வச்ச மாதிரிதான், அவகிட்ட யாரு கேட்டா? பாப்பம்மாவுக்கு எந்த நாட்டுக் கடுதாசியும் கெடையாது. லயத்துக் காம்பராவுல, அந்த வரிசை வீட்டு ஒத்தை அறையில, படுத்த படுக்கை. அம்மாவுக்குக் கஞ்சி யாரு ஊத்துவான்னு பேச்சியம்மாவுக்கு ராவும் பகலும் அதே நெனப்பு.

எம்பத்திரெண்டு ஆவணியில கண்டி ஸ்டேஷன்ல, இந்தியாவுக்குக் கப்பலேறப் போறவங்களுக்கான தலைமன்னார் ரயிலு நிக்கிது, எல்லாரும் கட்டிப் புடிச்சி அழுவுறாங்க. அந்தக் கெழமைதான் ரெண்டாவது பொம்பளை ராக்கெட்டுல மேல போயிருந்தா. பேச்சியம்மா படியில கால வச்சா, கால் படியில நிக்கல்ல, கூரைத் தகரத்துல தல முட்டிருச்சி. "ஒனக்கு வேற நாளு கெடைக்கலியாடி?"ன்னு கணபதி காலப் புடிச்சித் தொங்குனான். கடைசியில அவன் மட்டும் ஓடி ஏறுனான், ரயிலு போயிருச்சி. இது அந்தப் பொம்பளையால வந்ததா, தன் மனசால வந்ததான்னு அவளுக்கே தெரியல்ல. "நான் போகணும்னும் நெனைக்கல்ல, நிக்கணும்னும் சொல்லல்லியே"ன்னு மேல இருந்தே முழிச்சா. எட்டு நாளு கழிச்சிக் கீழ வந்ததும் அம்மாவுக்குக் கஞ்சி வச்சா.

கந்தோர்ல, அதான் தோட்டத்து ஆபீசுல, இருந்த கிளாக்கருக்குத்தான் தல சுத்துச்சி. "இவ இலங்கை மண்ண விட்டது நெசம். இந்தியாவுல எறங்கல்ல. எந்த நாட்டுப் பதிவுக் கொப்பியில எழுதுறது?" இருவது வருசம் எந்தக் கொப்பியிலயும் எழுதல்ல. அதுக்குள்ள அமெரிக்காக்காரி, இங்கிலாந்துக்காரி, ஜப்பான்காரின்னு வரிசையாப் போக ஆரம்பிச்சாங்க, மாசக்கணக்கா அங்கயே தங்குனாங்க. பாப்பம்மாவ அடக்கம் பண்ணுன அன்னிக்குக்கூட பேச்சியம்மா மேல இருந்துதான் மண்ணு போட்டா. ரெண்டாயிரத்தி மூணு தையில ஒரே ராக்கெட்டுல போன ரெண்டு பொம்பளைக, எறங்கையில அது எரிஞ்சிபோயி, திரும்பி வரவேயில்ல. அதோட பேச்சியம்மாவும் எறங்கல்ல.

அதே வருசம் சட்டம் வந்து, அவளும் இந்த நாட்டு ஆளுன்னு கடுதாசி குடுத்தாங்க. அடுத்த வருசம் வோட்டுப் போடப் போனா. "வெரல நீட்டுங்கம்மா"ன்னாரு வோட்டுச் சாவடியில மை வைக்கிற தொரை. எட்டல்ல. கதிரை மேல ஏறி நின்னு மை வச்சாரு. பின்னாடி நின்னவங்க, "வெரசா வைங்கய்யா, பஸ்ஸு போயிரும்"னாங்க.

உங்க பக்கத்துலயும் இப்பிடி யாராச்சும் இருந்தா, எந்த வருசம் ஏறுனாங்க, எறங்குனாங்களான்னு எழுதி அனுப்புங்க.