இரண்டு நீலப் பிக்கப்புகளும் பக்கத்து இருக்கையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அதுவாகவே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பிளம்பரான என் அண்ணன் பைப் ரெஞ்சை எடுக்க பிக்கப்பின் தார்ப்பாயை விலக்கினான். உள்ளே பன்னிரண்டு டிரே ரொட்டி!

"ஐயையோ, என் சாமானெல்லாம் எங்க?"

(வாசனை வரவில்லையா என்று கேட்காதீர்கள். அன்று அவனுக்கு ஜலதோஷம். முதல் வரைவில் இங்கே வானம் பற்றி ஒரு பத்தி இருந்தது. ரொட்டி ஆறிவிடுமே என்று வெட்டிவிட்டேன்.)

2

நடந்தது இதுதான். கடைத்தெருவில் அவன் வண்டிக்குப் பக்கத்தில் அதே மாடல், அதே வருடம், அதே வெளுத்த நீலத்தில் இன்னொரு பிக்கப் நின்றிருக்கிறது. நாற்பது வருடம் திருகித் தேய்ந்த சாவி அதற்கும் பொருந்திவிட்டது. ஆசாமி ஹாயாக ஓட்டி வந்துவிட்டான்.

கால் மணி நேரத்தில், அண்ணனின் ரசீதுப் புத்தகத்தில் முகவரி பார்த்து, தன் தேய்ந்த சாவியால் அண்ணனின் வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார் பேக்கரிக்காரர். அவர் கண்கள் கோபத்தில்...

இல்லை, கோபமே இல்லை.

"யோவ், உன் வண்டியில மூணாவது கியர் என்னமா விழுது! என்னய்யா பண்ணின?"

அவ்வளவுதான். இருவரும் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்கள். ரொட்டிக்குக் காத்திருந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டுச் சமாளித்தது நான்.

3

அன்று தொடங்கி இன்றுவரை ஆறு வருடச் சிநேகிதம். அதில் ஒரு வழக்கம் உண்டு: சேர்ந்து போகும்போது விருந்தாளிதான் ஓட்ட வேண்டும். வண்டியின் சொந்தக்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று உயிரை வாங்குவார்.

4

போன மாதம் அண்ணன் வண்டியின் அடிச்சட்டம் துருப்பிடித்து விட்டுப்போனது. அதே வாரம் பேக்கரிக்காரரின் இன்ஜின் வெடிப்பு விட்டது.

"ரெண்டையும் சேர்த்தா ஒண்ணு தேறும்" என்றார் மெக்கானிக்.

"இன்ஜினும் கியர்பாக்ஸும் என்னுது. அப்போ வண்டி என்னுது" என்றான் அண்ணன்.

"மத்ததெல்லாம் என்னுதுய்யா!"

மெக்கானிக் பாட்டுக்கு இரண்டையும் இணைக்க ஆரம்பித்தார்; இவர்களுக்குள் எட்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு தனித்தனியாக என் மேஜைக்கு வந்தார்கள்.

"நீதான் எங்களைப் பத்தி எழுதுறியே. வண்டி யாருக்குன்னு கதையில முடிச்சிடு. அப்படியே வெச்சுக்கறோம்."

"அண்ணன்னு பாக்காம எழுதணும் தங்கச்சி" என்றார் பேக்கரிக்காரர்.

யாருக்கு எழுதினாலும் வண்டி மிஞ்சும், சிநேகிதம் மிஞ்சாது.

5

முடிவு ஒன்று: வண்டி அண்ணனுக்கு. பேக்கரிக்காரர் பெருந்தன்மையாகச் சிரித்து (பொய். சிரிக்க மாட்டார்.)

முடிவு இரண்டு: வண்டி பேக்கரிக்காரருக்கு. அண்ணன் அன்றிலிருந்து அந்தத் தெரு வழியே...

என்னால் முடியவில்லை.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக்கின் போன்.

"ஸ்டார்ட் ஆயிடுச்சு! ஓடி வாங்க!"

மூன்று பேரும் மூன்று திசையிலிருந்து ஓடினோம். பட்டறை வாசலில் நீல வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக் இறங்கி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து வைத்தார்.

இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு ஓடி, பக்கத்து இருக்கையின் கைப்பிடியை ஒன்றாகப் பிடித்தார்கள்.

"நீ ஓட்டுய்யா."

"மாட்டேன். நீதான் ஓட்டணும்."

இப்போது ஒரே இருக்கையில் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. விட்டுக்கொடுத்தார்களா, விடாப்பிடியாக உரிமை கொண்டாடுகிறார்களா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

எனக்கு வண்டி ஓட்டவும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? ஏறுங்கள். மூன்றாவது கியர் அருமையாக விழும். சீக்கிரம், இரண்டு பேரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.