சராசரிக்கு மேல்

காலை நடை முடிந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று கடிகாரம் கட்டிய மணிக்கட்டை நீட்டினார். மனைவி மேசைமேல் போர்வையை விரித்துத் தன் சீருடைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஞாயிறும் அவளுக்கு வேலைநாள்தான். அவளுடைய தம்பி, அந்தக் கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தவன், டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தான்.

"பாரு. இதயத் திறன், சராசரிக்கு மேல."

"அத்தான், பள்ளிக்கூடத்துல வராத மார்க்கெல்லாம் இப்ப வருது போல" என்றான் மச்சினன்.

அவர் சிரித்தார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"எஞ்சினியருக்குப் படம் எடுத்து அனுப்பிட்டேன். நாளைக்கே மேல ஏறிடுங்கன்னு சொல்லிட்டார். டாக்டர் சீட்டை அப்புறம் கொடுத்தாப் போதுமாம்."

இஸ்திரிப்பெட்டி நின்றது. அவர் கட்டுமான இடத்தில் டவர் கிரேன் ஓட்டியவர். இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு கீழே நின்று கையசைத்துச் சைகை காட்டும் வேலைதான். உச்சியில் ஓட்டுபவர் உட்காரும் கூண்டுக்குப் போக லிஃப்ட் கிடையாது. செங்குத்தான ஏணி, அதற்கு மேல் இன்னோர் ஏணி, அதற்கும் மேல் ஒன்று. ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே ஏறலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டு முறை தேதி வாங்கியும் அவர் போகவில்லை.

"இது உங்க நெஞ்சுக்குள்ள எட்டிப் பார்த்துச்சா?" என்றாள் அவள்.

"அப்படியில்லக்கா" என்று தம்பி கடிகாரத்தைக் கழற்றிப் புரட்டினான். அடியில் பச்சை வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது. "இந்த வெளிச்சம் தோலுக்குள்ள போகும். ரத்தம் வர்றப்ப கொஞ்சத்தைக் குடிச்சுக்கும், மிச்சம் திரும்பி வரும். கூடிக் குறையறதை எண்ணினா நாடி. அதுல பெரிய தப்பு வராது."

"அப்ப சராசரிக்கு மேலங்கறது?"

"அது கணக்கு. வயசு, எடை, எவ்வளவு வேகமா நடந்தார், அப்ப நாடி எவ்வளவு. வேகமா நடந்தும் நாடி ஏறலைன்னா, ஆளு பலே ஆளுன்னு முடிவு பண்ணிக்கும்."

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். காலரைத் தேய்த்தாள். பிறகு கேட்டாள்.

"இவர் காலையில போடுறாரே, அந்த வெள்ளை மாத்திரை. அதே நாடியை ஏறவிடாம பிடிச்சு வைக்கத்தானே?"

தம்பி அவருடைய போனை எடுத்து, கடிகாரத்துக்கான செயலியில் எதையோ தேடினான். "இங்க ஒரு கேள்வி இருக்கு. இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து எடுக்கறீங்களான்னு. அத்தான், 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க."

"சீக்காளின்னு அதுக்கெதுக்குச் சொல்லணும்?"

"அதுகிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? அது என்ன மாப்பிள்ளை பார்க்கவா வந்திருக்கு?" என்றான் மச்சினன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கிரேன் கூண்டிலும் ஓர் அளவுமானி உண்டு. கம்பிக்கயிறு எவ்வளவு இறுகுகிறது என்று பார்த்து, கொக்கியில் தொங்கும் எடையைக் கணக்கிட்டுச் சொல்லும். கொக்கியைத் தாங்கும் கயிறு இரண்டு மடிப்பா நான்கு மடிப்பா என்பதை ஓட்டுபவர்தான் அதற்குச் சொல்லவேண்டும். நான்கில் ஓடும்போது இரண்டென்று சொல்லிவைத்தால் பாதி எடையைத்தான் காட்டும். காட்டுகிற எண்ணில் ஓர் உறுத்தலும் இருக்காது. அதனால்தான் மடிப்பு மாற்றிய நாளில், எடை தெரிந்த கான்கிரீட் கட்டியைத் தூக்கிப் பார்க்காமல் அவர் வேறெதையும் தொட்டதில்லை. அவசரப்படுத்திய மேஸ்திரியை ஒருமுறை உயரத்திலிருந்தே கிழிகிழியென்று கிழித்திருக்கிறார்.

"மாத்திப் போடு" என்றார்.

தம்பி மாற்றினான். எண் கீழே இறங்கிப் புதிய இடத்தில் நின்றது. அவன் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. "வேணும்னா பழையபடி வச்சிடலாம் அத்தான். ஒரு பொத்தான்தான்."

அவர் தன் போனை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் எஞ்சினியரை அழைத்தார்.

"சார், நாளைக்கு ஏறலை. டெஸ்ட் எடுத்துட்டுச் சொல்றேன்."

"என்னாச்சு? நம்பர் நல்லாத்தானே இருந்துச்சு?"

"அது மாத்திரையோட நம்பர் சார்."

"மேல வேற ஆளைப் போடணும். நீங்க வர்றப்ப இடம் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் சார்."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அது எளிதில் அவிழவில்லை. அவள் சூடு ஆறாத சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போட்டாள்.

"ரெண்டு தடவை ஏன் போகலைன்னு நீ கேட்கவே இல்லையே."

"கேட்டா வேலை இருந்துச்சும்பீங்க."

"பயமா இருந்துச்சு."

தம்பி டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனான். அவள் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

"தேதி வாங்குங்க. அன்னிக்கு நான் வண்டி எடுக்கலை" என்றாள்.