தாண்டிப் போன பலகை

ஜெர்மனியின் எஸ்லிங்கனில், ஆற்றுக்கு மேலே ஏறும் சரிவில் இருக்கிற அந்த வீட்டில் நாலு குடித்தனம். நாலுக்கும் பொதுவாக ஒரு மரப்பலகை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், 'பெருக்கும் வாரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அது எந்த வீட்டுக் கதவுக் குமிழில் தொங்குகிறதோ அந்த வீட்டார் அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைத்து, வாசல் நடைபாதையைக் கூட்டி, பனி விழுந்தால் பனியையும் தள்ள வேண்டும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் குமிழில் மாட்டிவிட வேண்டும். நாட்டில் ஆட்சி மாறும், ரயில் நேரம் மாறும், அந்தப் பலகையின் வரிசை மட்டும் மாறாது.

முதல் மாடி ஹெட்விக் ஐசெலே இருபது வருஷமாக அந்தப் பலகையைத் திட்டித் தீர்த்தவள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். நாளெல்லாம் பயந்தாங்கொள்ளிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் விளக்குமாறு காத்திருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவள் படி பெருக்குவது, துடைப்பத்தைப் படிகளுக்கு அறிமுகம் செய்துவைப்பதோடு சரி. மூலைகளை அவளும் பார்த்ததில்லை, அவளுடைய துடைப்பமும் பார்த்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவள் குடலில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்து வெட்டி எடுத்தார்கள். அதோடு விடாமல் மருந்து வைத்தியம் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. இடையில் காலையும் மாலையும் சாப்பிட்ட கையோடு விழுங்கக் கைநிறைய மாத்திரை. ஏற்றுகிற மருந்துக்கும் குளிருக்கும் பூர்வஜன்மப் பகை. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் ஊசி குத்தும். ஒரு வாய் பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டைக்குள் கண்ணாடித்தூள் இறங்குவது போலிருக்கும். இந்த வைத்தியத்தை அவளுக்கு நவம்பரில் ஆரம்பித்தார்கள். அடுப்பிலிருந்து சூடான தட்டை எடுக்கும் தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு அவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். பீரைச் சுடவைத்துக் குடித்துப் பார்த்து, மனிதர் செய்கிற காரியமில்லை என்று விட்டுவிட்டாள்.

மாத்திரைகள் வேறு வழியில் வேலை செய்தன. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரிந்தன. உரிந்ததில் கைரேகையும் போய்விட்டது. ஒருநாள் காலையில் கட்டைவிரலை வைத்தால் அவளுடைய போன் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப வைத்தாள். நீ யாரோ, எனக்குத் தெரியாது என்று அது சாதித்துவிட்டது.

முடி மட்டும் கொட்டவில்லை. இந்த மருந்துக்குக் கொட்டாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். இரண்டாம் மாடி மோர்லொக் அம்மாவுக்கு அது தெரியாமல், விஷயம் கேள்விப்பட்ட வாரத்திலேயே மூன்று கம்பளித் தொப்பி பின்னிக் கொண்டுவந்தாள். ஹெட்விக்கின் அடர்ந்த தலைமுடியைப் பார்த்ததும் அவள் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? ஹெட்விக் ஊதாத் தொப்பியை எடுத்து அங்கேயே மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அதைக் கழற்றினால் மோர்லொக் அம்மா மனம் வாடுகிறாள் என்று வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை பலகை அவள் வீட்டுக்கு வரவேண்டும். கீழ்வீட்டுக் கீன்ஸ்லேயின் வாரம் முடிந்திருந்தது. ஹெட்விக் கதவைத் திறந்து பார்த்தாள்; குமிழ் வெறுமையாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பார்த்தாள். பலகை மோர்லொக் வீட்டுக் குமிழில் தொங்கியது.

இருபது வருஷத்தில் பலகை ஒரு வீட்டைத் தாண்டிப் போனதை அவள் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். மேல்மாடி வோல்ஃபார்ட் செத்துப்போய், அந்த வீட்டுக்கு செவிம் அய்தின் குடிவரும்வரை அப்படி நடந்தது. அந்த வீட்டில் பலகை தாண்டுவது ஆளில்லாத கதவைத்தான்.

மோர்லொக் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"இந்த வாரம் என் முறை இல்லையா?"

"அட, அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நானும் செவிமும் பேசி வச்சுட்டோம். நீங்க உடம்பப் பாருங்க, கண்ணு."

"எத்தனை நாளைக்குப் பாத்துப்பீங்க?"

மோர்லொக் அம்மா தலையைச் சாய்த்து அவளுடைய கையைத் தடவிக்கொடுத்தாள். தடவிய இடம் எரிந்தது. கை எரிச்சலைவிட அந்தத் தலைச் சாய்ப்பு ஹெட்விக்கை அதிகம் எரித்தது. இருபது வருஷமாக 'ஐசெலே அம்மா' என்று கூப்பிட்டவள் இப்போது 'கண்ணு' என்கிறாள்.

எல்லோருமே அப்படித்தான் ஆகியிருந்தார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் அவள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, அவசரமே இல்லை என்றார். ஹாம்பர்கிலிருக்கும் மகன் இந்தக் கிறிஸ்துமஸைச் சிறப்பாகக் கொண்டாட வேண்டும் என்றான். அடுத்ததைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. டாக்டரைக் கேட்டால் பார்க்கலாம் என்பார். இப்போது பலகையும் தாண்டிவிட்டது. வேண்டாத சனியன்தான், ஆனாலும் அது என் சனியன் என்று தோன்றியது அவளுக்கு.

அன்று மதியமே போய்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கைரேகையே இல்லாத விரல். திருடுவதற்கு இதைவிடத் தோதான உடம்பு வாய்க்குமா? சாயந்திரம் பார்த்தால் பலகை மறுபடி மோர்லொக் வீட்டில் தொங்கியது. மறுநாள் இவள் எடுத்தாள். அதற்கடுத்த நாள் அவள் எடுத்தாள். ஒருவரையொருவர் படியில் பார்த்தபோது சிரித்து, வானிலை பேசி, நல்ல நாளாக அமைய வாழ்த்திக்கொண்டார்கள்.

நடுவில் ஹெட்விக் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டுப் படி பெருக்கலாமா என்று கேட்டாள். நர்ஸ் யோசித்து, வெதுவெதுப்பான தண்ணீர், உள்ளே பருத்தி வைத்த கையுறை, உட்கார்ந்து செய்வது, மூச்சு வாங்கினால் நிறுத்துவது என்று வழி சொன்னாள். பிறகு, இந்த வேலையைச் செய்யாமலிருக்க டாக்டர் சீட்டுக் கேட்டுத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னாள்.

"அந்த வேலை உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா?"

"சீ. சுத்தமாப் பிடிக்காது," என்றாள் ஹெட்விக்.

அனுமதி கிடைத்து என்ன பயன்? பலகையைக் கைப்பற்றிய அன்று வாளியோடு வெளியே வந்தால் படிகள் பளபளவென்று மின்னின. மோர்லொக் அம்மா விடியும் முன்பே துடைத்துவிட்டிருந்தாள். சுத்தமான படியைத் துடைப்பது ஒரு முறையா? வெறும் இலையைக் கழுவிவிட்டு விருந்து சாப்பிட்டேன் என்று சொல்கிற மாதிரி.

அடுத்த மருந்து ஏற்றிய மறுநாள்தான் அந்த யோசனை வந்தது. வாந்தி வராமலிருக்க அவர்கள் தருகிற ஒரு மாத்திரை ஆளை நாலைந்து நாளைக்குப் பம்பரமாகச் சுற்றவைக்கும். முதல் நாள் அவள் எல்லா அலமாரிகளையும் நிறவாரியாக அடுக்கிவிட்டாள். இரண்டாம் நாள் அடுக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, ஜன்னலில் பட்டுப்போயிருந்த ஜெரேனியப் பூந்தொட்டி கண்ணில் பட்டது. மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை அந்த வீட்டில் ஓய்வு நேரம். ஈகூட இறக்கையை அடக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் தொட்டியோடு வெளியே வந்து, இரண்டாம் படியிலிருந்து எட்டாம் படிவரை மண்ணைத் தூவினாள். மூன்று மணிக்கு வாளியோடு வந்தாள். அதற்குள் செவிம் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பி, மொத்தத்தையும் கூட்டி அள்ளியிருந்தாள்.

அடுத்த நாள் காப்பித் தூள். அதற்கடுத்த நாள் பிரெட்சல் ரொட்டியின் உப்பும் பொடியும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு புண்ணியவதி முந்திக்கொண்டாள். வீட்டில் ஒரே பரபரப்பு. எலி என்றாள் மோர்லொக் அம்மா. எலி காப்பி குடிக்காது என்றாள் செவிம்.

இந்த விசாரணையைக் கீன்ஸ்லே எடுத்துக்கொண்டார். நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் வேலியில் அரை விரற்கடைக் கோணலைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிப்பவர். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். அவருக்கு இல்லாமல்போன காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அவர் மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்து, இது கடையில் மூட்டையாக விற்கிற பூந்தொட்டி மண் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தன் கதவுக்குப் பின்னால் காவல் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை ஓய்வு நேரத்தில் ஹெட்விக் பிடிபட்டாள். தலையில் ஊதாத் தொப்பி, கையில் அடுப்புக் கையுறை, இடுப்பில் பூந்தொட்டி. விதைக்கிறவள் மாதிரி கையை வீசிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க, ஐசெலே அம்மா?"

"அழுக்காக்கறேன்."

"எதுக்கு?"

"துடைக்கத்தான். வேற எதுக்கு? எனக்கு யாரும் அழுக்கு விட்டு வைக்க மாட்டேங்கறாங்க."

கீன்ஸ்லே அதை அளந்து பார்ப்பது போல் நின்றார். பிறகு, வேண்டுமென்றே ஆக்கிய அழுக்கை ஆக்கியவரே உடனே துடைக்க வேண்டும் என்று விதி இருப்பதாகச் சொன்னார். அது அபராதம்; முறை ஆகாது. வருஷம் பூராவும் துடைத்தாலும் கணக்கில் சேராது.

மாத்திரையின் வேகம் அத்தனையும் ஒரு நொடியில் இறங்கிப்போய், ஹெட்விக் தான் தூவிய மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பலகை என்னைத் தாண்டிப் போயிடுச்சு," என்றாள். "வோல்ஃபார்ட்டைத் தாண்டின மாதிரி. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

"தாண்டிச்சா? யாரைக் கேட்டு?"

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தன் வாரம் முடிந்து பலகையை அவள் குமிழில்தான் மாட்டியிருந்தார். மேலே போனது மோர்லொக் அம்மாவின் கருணை. கீன்ஸ்லேயின் காது சிவந்தது. ஓய்வு நேரம் என்றும் பாராமல் எல்லா மணிகளையும் அழுத்தினார். அவர் அப்படிச் செய்ததே பெரிய அதிர்ச்சி. மற்ற இரண்டு பெண்களும் படிக்கு ஓடிவந்தார்கள். வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய வீட்டு விதியைச் சுட்டிக்காட்டினார். ஊரில் இல்லாவிட்டாலும், இறந்துவிட்டாலும் மட்டுமே ஒருவர் முறை தாண்டும்.

"ஐசெலே அம்மா, நீங்க ஊர்ல இல்லையா?"

"இதோ உங்க எதிர்ல உட்காந்திருக்கேனே."

"செத்துட்டீங்களா?"

மோர்லொக் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் இல்ல," என்றாள் ஹெட்விக்.

"அப்ப விதியில இடமே இல்ல. விட்டுப்போன முறையை நாளைக்கே முடிக்கணும்."

மோர்லொக் அம்மா அழுதாள். செவிம் அவரை நெஞ்சில் ஈரமில்லாதவர் என்றாள். அவர் அதைக் காதில் வாங்காமல் பலகையைத் தானே கொண்டுவந்து முதல் மாடிக் குமிழில் மாட்டிவிட்டு, அது நேராகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

மறுநாள் ஹெட்விக் படி துடைத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று மேல்மாடியிலேயே தோன்றிவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். தண்ணீர் ஆற ஆற மாற்றினாள். கையுறைக்குள் உள்ளங்கை எரிந்தது. நடுவில் பசியில்லாமல் மதியச் சாப்பாடு, இரும்பை நக்கின ருசியில். இரண்டு தடவை கட்டிலில் படுத்து எழுந்தாள். மோர்லொக் அம்மா ஒரு படி மேலேயே நின்று, கையைப் பிசைந்துகொண்டு அவளோடு கூடவே இறங்கினாள். ஒத்தாசைக்குக் குனிந்தபோதெல்லாம் கீழேயிருந்து கீன்ஸ்லே இருமினார். வாசல் நடைபாதைக்கு ஹெட்விக் மூன்று தொப்பிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனாள்.

இருட்டுவதற்குள் முடிந்தது. அருமையாக இருக்கிறது, இதுபோல் பார்த்ததே இல்லை என்றாள் மோர்லொக் அம்மா. செவிம் கைதட்டினாள். கீன்ஸ்லே குனிந்து, கைப்பிடித் தூணுக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இந்த மூலை சரியில்ல."

"கீன்ஸ்லே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று மோர்லொக் அம்மா தழுதழுத்தாள். "அவங்க நெலமையில—"

"இருபது வருஷமா இந்த மூலை சரியில்ல," என்றார் அவர், ஹெட்விக்கைப் பார்த்து. "இன்னைக்கு ஒத்துக்கறேன். ஆனா ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையும் உங்க முறைதான் விழுது, எண்ணிப் பாத்துட்டேன். அன்னைக்கு விருந்தாளிங்க வருவாங்க. மொத இந்த மூலையத்தான் பாப்பேன். அப்ப வந்து சாக்குப் போக்கு சொல்லக் கூடாது."

ஹெட்விக் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள். டிசம்பர் பாதிகூட ஆகவில்லை. இந்த இரண்டு மாதத்தில் ஒருவர்கூட அவளிடம் ஈஸ்டரைப் பற்றிப் பேசியதில்லை. டாக்டர் பேசவில்லை, பெற்ற மகன் பேசவில்லை, அவளே தன்னிடம் பேசிக்கொள்ளப் பயந்தாள். இந்த மனிதரோ கண்டிக்கிறார், நாள் குறித்து, அவள் வந்து நிற்பாள் என்பதில் துளிச் சந்தேகமில்லாமல். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான் அழுதாள், அதை மறைக்கவும் இல்லை.

கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பலகையை எடுத்து மோர்லொக் அம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு கீன்ஸ்லேயின் பக்கம் திரும்பினாள்.

"ஈஸ்டருக்குத் தட்டு எடுத்துட்டு வராதீங்க," என்றாள். "அந்த மூலைய அவ்வளவு சுத்தமா வைக்கறேன், அதுலயே சாப்பாட்டக் கொட்டித் தரேன், உட்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க."