டார்ச்சுக்குத் தப்பாத சுவர்

விரலை வைத்தால் பூச்சு ஒட்டக் கூடாது. ரேகை மட்டும் விழ வேண்டும். அந்தப் பதம் அரைமணி நேரம்தான் நிற்கும். அப்புறம் கல். சுவரில் கைவைத்த கொஞ்ச நேரத்திலேயே கொத்தனாரின் வலது தோள் பிடித்துக்கொண்டது.

"என்னங்க, கை தூக்க முடியலையா?" கலவை குழைத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"வாயை மூடிட்டுக் கலவையைப் பாரு."

இடக்கையால் வலக்கையைத் தாங்கிப் பிடித்துப் பூச்சுக் கரணையை இழுத்தார். இடது பாதி முழுக்க அலை அலையாகப் புடைத்தது. மூன்று மணிக்கு சூப்பர்வைசர் வந்துவிடுவார். சுவரோடு ஒட்டிப் பிடித்து டார்ச் அடிப்பார். நூல் கனத்து மேடுகூட நிழல் விழுந்து மாட்டிக்கொள்ளும். ஆள்கள் அவருக்கு வைத்த பேரே டார்ச்சு. இந்த ஒரு சுவர் தேறினால்தான் மீதிப் பதினொரு அறையும் இவர்களுக்கு. இல்லையென்றால் இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கொத்தனார் வெறும் சிமெண்டை ஒரு பிடி அள்ளினார். தூவி மெழுகிவிட்டால் அலை மறைந்துவிடும். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னைக்குப் பளபளன்னு இருக்கும். நாளைக்கு வெடிச்சு நிக்கும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"பதினாலு வருசமா உங்க மூஞ்சியையா பார்த்துட்டிருந்தேன்? கையைத்தான் பார்த்தேன். குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. அவள் கரணையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பூச்சு சீக்கிரம் இறுகாமலிருக்க ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டிக் காற்றை அடைத்தாள். மிச்சப் பாதியில் கரணையின் விளிம்பை லேசாகத் தூக்கி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் கோடு விழும். வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை. கடைசி இழுப்பு முடியவும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

டார்ச் எரிந்தது. இடது பாதியில் நிழல்கள் நெளிந்தன. வலது பாதியில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது.

"யார் வேலை இது?"

தோள் விஷயம் தெரிந்தால் இருவருக்கும் வேலை போச்சு. அவள் முந்திக்கொண்டாள். "அலை என்னுது சார். நல்ல பக்கம் அவரு."

"அதானே பார்த்தேன். சித்தாள் கையில கரணையைக் குடுத்தா சுவத்துல கடலே வரும். இனிமே நீங்க தொடாதீங்கம்மா. கொத்தனாரே, அந்தப் பாதியைச் சுரண்டிட்டு நீங்களே பூசுங்க. இங்கயே நின்னு பார்க்கிறேன்."

இப்படித் திரும்பும் என்று அவள் நினைக்கவில்லை.

கொத்தனார் கரணையை வாங்கினார். நெஞ்சு வரைக்கும் தூக்கினார். அதற்கு மேல் போகவில்லை. கரணை தரையில் விழுந்து கணீரென்றது.

"அவ பொய் சொல்றா சார்," என்றார் சுவரைப் பார்த்தபடி. "அலை என்னுது."

டார்ச்சு குனிந்து, வலது பாதியைக் கீழிருந்து மேல்வரை இன்னொரு தரம் பார்த்தார். நிமிர்ந்து விளக்கை அணைத்தார்.

"கரணையை எடுங்கம்மா. அந்தப் பாதியும் இதே மாதிரி வரணும். வந்தா, காலையில அடுத்த ரூம்."

அவள் எடுத்தாள். பின்னால் கொத்தனார் கலவைத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, இடக்கையால் தண்ணீர் வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"மொத்தமா கொட்டாதீங்க," என்றாள் அவள், திரும்பாமலே.