வலது பக்கம் சத்தம் கம்மி

எழுபத்திரண்டு மணி நேரம். அதற்கு ஒரு நிமிடம் குறைந்தாலும் எந்த டிரைவரும் அந்தச் சோதனை ராக்கைவிட்டு இறங்காது. ஹெட்ஃபோனுக்குள் உட்கார்ந்து ஒலியை எழுப்புகிற வட்டத்துக்குத்தான் டிரைவர் என்று பெயர். அது மூன்று நாள் விடாமல் இரைந்துகொண்டு கிடக்க வேண்டும். படலம் தளர்வதாக இருந்தால் அங்கேயே தளர்ந்துவிடும், பசை விடுவதாக இருந்தால் அங்கேயே விட்டுவிடும் என்பது கணக்கு. தப்பிப் பிழைத்தவை மட்டும் பட்டறையை நடத்தும் பெரியவரின் அறைக்குப் போகும்.

சின்னவள் ஒட்டிய டிரைவர்கள் எல்லாமே தப்பிப் பிழைத்தன. வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகுதான் கெட்டுப்போயின. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

அன்று காலை கூரியரில் இன்னொரு பெட்டி திரும்பி வந்தது. பெரியவர் மூடியைத் திறந்து, மேலே செருகியிருந்த புகார்த் தாளை மட்டும் உருவிப் படித்தார். ஹெட்ஃபோனைத் தொடவில்லை.

"வலது பக்கம் சத்தம் கம்மி," என்று வாசித்துவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, இதோட பதினொண்ணு ஆச்சுன்னு."

தம்பியின் பொண்டாட்டி சின்னவள் ஒரு கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டுச்சு அத்தான்," என்றாள்.

"கேட்டா ஆச்சா? ஃபிலிம் இழுக்கச் சொன்னா பாய் விரிக்கிற மாதிரி விரிச்சு வச்சிருக்கா. கையில என்ன, காய்ச்சலான்னு கேளு."

"பாத்துக்கலாம்ணே," என்றான் அவள் கணவன், மீட்டரைப் பார்த்தபடி. அவன் எதையும் மனிதர்களைப் பார்த்துச் சொல்வதில்லை.

"நீ பாத்துக் கிழிச்சது போதும். வெள்ளிக்கிழமை டீலர் வர்றார். குறை எங்கன்னு கண்டுபிடிச்சாச்சு, ஆளை மாத்தியாச்சுன்னு சொல்லப்போறேன். மாடி ரூமைக் காலி பண்ணுங்க. புதுசா வர்ற ஆளுக்கு அது வேணும்."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாடி அறை என்றால் அவளுடைய வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் துணி தைத்து மாட்டிய வீடு. கீழே பட்டறை, நடுவில் பெரியவரின் குடித்தனம், மேலே அவர்கள். படியில் இறங்கினால் வேலை, ஏறினால் சாப்பாடு. இரண்டும் வெள்ளிக்கிழமையோடு போகும்.

அந்தப் பட்டறை ஹெட்ஃபோனின் விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். வெளி வேலைப்பாட்டில் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. கிண்ணங்கள் ஒரே மரத்துண்டில் கடைந்தவை. தாங்கும் வளைவுகள் அலுமினியத்தில் அறுத்தவை. மாடியிலிருந்து போட்டால் தரைக்குத்தான் அடிபடும் என்பார் டீலர். உள்ளே இருக்கும் படலம் அதற்கு நேர் எதிர். மூச்சு விட்டால் அசையும். அதன்மேல் உலோகக் கோடுகள் ஓடும். சட்டத்தின் மேல் அதை நான்கு பக்கமும் ஒரே அளவாக இழுத்து, கிளிப் போட்டுப் பிடித்து, பசை காயும்வரை தும்மாமல் இருக்க வேண்டும். அதுதான் சின்னவளின் வேலை.

கணவன் ஒவ்வொரு டிரைவரிலும் கரகரப்பு இருக்கிறதா என்று மட்டும் மீட்டரில் பார்ப்பான். ஒன்றுக்கொன்று சத்தத்தில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கத்தான் செய்யும். அதில் எதற்கு எது ஜோடி என்று பொருத்துவது பெரியவர். சாத்திய கதவுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் தனக்குச் சமமாகக் கேட்கும்வரை மாற்றி மாற்றிப் போட்டு, தன் காதால் மட்டுமே பொருத்துவார். வலதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலப் புள்ளி வைத்து, பெட்டியைத் தன் கையாலேயே மூடுவார். அதற்குப் பிறகு மீட்டர் அதன் பக்கத்தில் வரக்கூடாது. "காதுக்கு மேல மீட்டர் கிடையாது" என்பது பட்டறையின் சட்டம். ஒவ்வொரு பெட்டியிலும் 'காதால் பொருத்தப்பட்டது' என்று அச்சடித்த அட்டை, கீழே அவர் கையெழுத்து. ஜனங்கள் பணம் கொடுத்தது மரத்துக்கு அல்ல, அந்த அட்டைக்கு. கடைக்காரர்கள் அவரைத் தங்கக்காது என்றுதான் கூப்பிட்டார்கள்.

மதியம் அவள் பேக்கிங் மேசைக்குப் போனாள். பெரியவரின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, மரக் கிண்ணங்களுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் வருவதற்கு முன் படலம் இழுத்தது அவள்தான். பார்வை மங்கியதும் மெழுகுக்கு மாற்றப்பட்டாள். அதைச் சின்னவள் வந்து பிடுங்கிக்கொண்டதாகவே வைத்திருந்தாள்.

"சாமானெல்லாம் கட்டியாச்சா?" என்றாள் நிமிராமலே.

"எதுக்குக்கா அவசரம்? இன்னும் மூணு நாள் இருக்குல்ல."

"வாய் மட்டும் தளரவே இல்ல. நான் இழுத்தவரைக்கும் ஒரு பெட்டியாவது ஃபிலிம் குறைன்னு இந்த வாசப்படியை மிதிச்சிருக்கா கேளு. நீ கால் வச்ச, வரிசையா வருது."

"அக்கா, ஒண்ணு கேக்கணும். முன்னாடியெல்லாம் திரும்பி வந்ததை அத்தான்தான் முதல்ல போட்டுக் கேப்பாராம். இப்ப ஏன் தொடவே மாட்டேங்குறார்?"

மெழுகுத் துணி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

"கண்டவன் தலை எண்ணெயை அவர் ஏன் தலையில பூசிக்கணும்? உனக்கு அதெல்லாம் எதுக்கு? போய் பெட்டியைக் கட்டு."

அவள் போகவில்லை. திரும்பி வந்தவை அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்தாள். முதலில் கையில் கிடைத்த இரண்டின் உறையைக் கழற்றிப் பார்த்தாள். பிறகு மீதியையும் கழற்றினாள். சத்தம் கம்மி என்று புகார்த் தாள் சொன்ன டிரைவர் ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி இருந்தது.

அவள் மேசையில் சிவப்பும் கிடையாது, நீலமும் கிடையாது. அங்கே எல்லாம் வெறும் வட்டங்கள். எது இடது, எது வலது என்று அவளுக்குத் தெரியாது, படலத்துக்கும் தெரியாது. தளர்கிற படலம் சிவப்புப் புள்ளியாகப் பார்த்தா தளரும்?

சாயங்காலம் மாடியில் கணவன் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"திரும்பி வந்ததை அளந்து பாத்தீங்களே, இழுவை தளர்ந்திருக்கா?"

"இல்ல. நீ ஒட்டினப்ப இருந்த மாதிரியே இருக்கு."

"என் மேசையில இடது வலது உண்டா?"

"இல்ல."

"அப்ப புள்ளி வைக்கிறது யாரு?"

அவன் குழாயை மூடினான். துண்டை எடுத்துத் துடைத்தான். துடைத்த முகத்தை மறுபடி துடைத்தான்.

"அதை இதோட விடு."

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். அந்த அட்டைதான் இந்த வீட்டுல எல்லாருக்கும் சோறு. அதுல கை வச்சா அவரு மட்டுமா போவாரு? நாமளும்தான்."

"இப்ப மட்டும் நாம எங்க போறோமாம்?"

"உன்னைத் தனியாவா அனுப்புறாரு? என்னையும் சேத்துத்தான."

"ஆமா, பெருமையாச் சொல்லிக்கோங்க."

அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் தேவையான வார்த்தைகளை மட்டும் பேசினார்கள். தட்டு. சாவி. விளக்கு.

வெள்ளிக்கிழமை டீலர் வந்தார். நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். கொண்டுவந்த பையை மடியைவிட்டு இறக்கவில்லை. தண்ணீர் கொடுத்ததற்கு வேண்டாம் என்று கையாட்டினார்.

"வெளிய பாத்தா கோட்டை மாதிரி இருக்கு," என்றார். "உள்ள யாரு குடியிருக்காங்கன்னுதான் தெரியல. கடையில வந்து என் சட்டையைப் பிடிக்கிறாங்க. இந்தக் காசுக்கு வலது பக்கம் பாதிதான் பாடுமான்னு கேக்குறாங்க."

"கண்டுபிடிச்சாச்சு," என்றார் பெரியவர். "ஃபிலிம் இழுக்குறதுலதான் குறை. என் கையைவிட்டுப் போறப்ப சரியா இருக்கு, போன இடத்துல தளருது. ஆளை மாத்தியாச்சு. இதோ இவதான். நாளைக்கு இருக்க மாட்டா."

டீலர் சின்னவளைப் பார்த்தார். கெட்டுப்போன காய்கறியைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"என் மேசையில இடது வலது கிடையாதுங்க," என்றாள் அவள். தன் மேசையைக் காட்டினாள். "எல்லாம் ஒரே மாதிரி வட்டம். நான் கெடுத்திருந்தா பாதி இடதுல கெடணும், பாதி வலதுல கெடணும். எல்லாமே வலதுலதான் கெட்டிருக்கு."

"அப்ப புள்ளி வச்ச நான் கெடுத்தேன்னு சொல்றியா?" முதல் தடவையாகப் பெரியவர் அவளிடமே நேராகப் பேசினார்.

"நான் அப்படிச் சொல்லல அத்தான். அங்க நீங்க இன்னும் புள்ளி வைக்காத ஒரு புது ஜோடி இருக்கு. அதைத் தலையில ஒரு தடவை நேரா போட்டுக் கேளுங்க, ஒரு தடவை திருப்பிப் போட்டுக் கேளுங்க. குறை ஹெட்ஃபோன்ல இருந்தா பக்கம் மாறிடும். மாறலைன்னா..."

"திருப்பிப் போடறதா? நீ செருப்பை மாத்திப் போட்டுட்டு நடப்பியா? காதுப் பேடு பின்பக்கம் தடிமனா வச்சுத் தச்சிருக்கிறது எதுக்கு, அழகுக்கா? இவளுக்குத் தொழில் தெரியாதுன்னு சொன்னேன் பாத்தீங்களா?"

கணவன் மீட்டரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்ததும் பிரித்து மறுபடி சுற்றினான்.

"தளருதுங்கிறீங்க, சரி," என்றார் டீலர். பையின் ஜிப்பைத் திறந்து ஒரு ஹெட்ஃபோனை எடுத்து மேசையில் வைத்தார். மரம் சற்றுக் கறுத்திருந்தது. "இது நான் மூணு வருஷத்துக்கு முன்னாடி வித்தது. இதுவும் வலது கம்மி. வாங்கினவரு இத்தனை நாளும் தன் காதுலதான் கோளாறுன்னு நெனச்சிருக்காரு. டாக்டர்கிட்டப் போய் டெஸ்ட் எல்லாம் எடுத்திருக்காரு. காது சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்களாம். இந்தப் பொண்ணு வந்து எத்தனை வருஷம் ஆகுது?"

"ரெண்டு," என்றாள் சின்னவள்.

பேக்கிங் மேசையில் ஓரகத்தியின் கை பெட்டி மூடியின் மேலேயே நின்றுவிட்டது.

பெரியவர் ஹெட்ஃபோனைப் பார்த்தார், தொடவில்லை. பதில் சொல்ல அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அப்ப அது என் வீட்டுக்காரி இழுத்தது," என்றார். "அப்பவே அவளுக்குக் கை விட்டுப்போச்சு. கண்ணுதான் போச்சுன்னு நெனச்சு ஏமாந்துட்டேன். வீட்டு ஆளுங்களுக்கு வேலை குடுத்தா இப்படித்தான். இனிமே வெளியாள் வச்சே செஞ்சுடுவோம். உங்க கடைக்கு ஒரு குறையும் வராது."

ஓரகத்தி எழுந்தாள். மெழுகு படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்து வந்தாள். சின்னவள் தன் நாற்காலியை இழுத்து வழிவிட்டாள். ஓரகத்தி அவளைப் பார்க்கவில்லை. கணவரின் இடது தோளுக்கு ஒட்டினாற்போல் வந்து நின்றாள்.

"யாரு கை விட்டுப்போச்சு?" என்றாள். சாதாரணக் குரல்தான். மூலையில் மீட்டரோடு இருந்த தம்பிக்கும் கேட்டது.

பெரியவர் டீலரிடம் பேசிக்கொண்டே இருந்தார். புதிய ஆள் எங்கிருந்து வருகிறான், எத்தனை நாளில் பழகிவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன். யாரு கை?"

அவர் திரும்பவில்லை. அடுத்த மாதமே முதல் சரக்கு வந்துவிடும் என்றார்.

டீலர் அவரைப் பார்த்தார். பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். மடியிலிருந்த பையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தார். டீலரின் கண் போன பக்கம் பெரியவரும் அப்போதுதான் திரும்பினார். மனைவி அங்கே நிற்பதைக் கண்டு அவர் முகம் மாறியது.

"நீ உள்ள போ," என்றார்.

அவள் டீலரைப் பார்த்துச் சொன்னாள்.

"இவருக்கு இடது காது சரியாக் கேக்காதுங்க. மூணு வருஷமாச்சு."